பொரித்த எண்ணெயில் ஒரு சவுக்காரம்

நோன்பு மாதத்தின் கடைசி வாரம். அடுத்த ஃபிளாட் லாத்தா ஐந்து லிட்டர் கேன் ஒன்றைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தார். காயல்பட்டினத்துக்காரர். ஒரு மாதமாக நோன்பு திறக்கச் சமோசாவும் வடையும் பொரித்து மிஞ்சிய சூரியகாந்தி எண்ணெய் அது. "சிங்க்ல ஊத்துனா அடைச்சுக்குது, குப்பையில போட்டா பை ஒழுகுது. நீ சோப்பு செய்வேன்னு சொன்னியே தங்கச்சி, இது அதுக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

ஆகும். ஷார்ஜாவில் குடியிருக்கும் இத்தனை வருடங்களில் வீட்டுச் சோப்பு பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானதே இதுதான். புது எண்ணெய் வாங்கி, அதைச் சோப்பாக்கி, அதில் பணம் மிச்சம் பிடிக்க முடியாது. கடைச் சோப்பு அதைவிட மலிவு. வீணாகப் போகும் எண்ணெயைச் சோப்பாக்கினால்தான் கணக்கு நமக்குச் சாதகமாகிறது. வளைகுடாவில் பொரித்த எண்ணெய் மிஞ்சாத தமிழ் வீடு எது? மீன் வறுவல், பஜ்ஜி, வெள்ளிக்கிழமை பூரி என்று வாரத்துக்கு ஒரு தம்ளராவது சேர்ந்துவிடும்.

என் முதல் முயற்சி வீணாய்ப் போனது. மத்தி வறுத்த எண்ணெயை வடிகட்டாமல் அப்படியே போட்டேன். சோப்பு நன்றாகக் கெட்டிப்பட்டது. ஆனால் அதில் துவைத்த கைத்துண்டு ஒவ்வொன்றிலும் மீன் மணந்தது. சோப்பானால் வாடை போய்விடும் என்று நினைத்தது தவறு. எண்ணெயில் என்ன வாடையோ அதேதான் சோப்பிலும். இப்போது முதலில் எண்ணெயைக் கழுவுகிறேன். எண்ணெய் அளவுக்குச் சமமாகத் தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, இரண்டும் சேர்ந்து மெல்லிய தீயில் கால் மணி நேரம் கொதிக்க வேண்டும். ஆறியதும் கரியும் மாவுத்துகளும் உப்புத்தண்ணீரோடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் எண்ணெயை எடுத்துத் துணியில் வடிகட்டினால் போதும். லாத்தா தந்த கேனில் இப்படி நான்கு லிட்டர் தேறியது.

இனி அளவு. இங்கே கைப்பக்குவம் செல்லாது, தராசு வேண்டும். எண்ணெயையும் காஸ்டிக் சோடா என்ற காரத்தையும் கண்ணளவில் போட்டால் ஒன்று சோப்பு பிசுபிசுக்கும், இல்லையென்றால் கையை அரிக்கும். ஒரு கிலோ சூரியகாந்தி எண்ணெய் முழுதாகச் சோப்பாக மாற 134 கிராம் காஸ்டிக் சோடா தேவை. பாமாயிலுக்கு 141 கிராம். தேங்காயெண்ணெய்க்கு 183 கிராம். சூரியகாந்தி எண்ணெயில் மட்டும் செய்த சோப்பு வெண்ணெய் போல மெத்தென்று கிடந்து சீக்கிரம் கரையும். அதனால் 700 கிராம் பொரித்த எண்ணெய்க்கு 300 கிராம் தேங்காயெண்ணெய் சேர்க்கிறேன். கட்டி உறுதியாக நிற்கும், நுரையும் பொங்கும். தேங்காயெண்ணெய்ச் சோப்பு கடல் தண்ணீரில்கூட நுரைக்கும் என்பதால் அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் அதைத்தான் கொண்டுபோனார்கள். செலவு என்று சொல்வதற்கு உண்டானதும் இந்தத் தேங்காயெண்ணெய்தான். தலைக்கு வாங்கிப் பழசாகிப்போன பாட்டில் இருந்தால் அதையே போடுங்கள்.

இந்தக் கலவைக்குக் கணக்குப்படி 149 கிராம் காஸ்டிக் சோடா வரும். நான் 141 கிராம்தான் போடுகிறேன். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சினால் கைக்கு நல்லது. காரம் மிஞ்சினால் தோலுக்குக் கேடு. தண்ணீர் 300 கிராம்.

அடுத்து வருவதை அவசரமில்லாமல் படிக்க வேண்டும். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சுடும். எழும் ஆவி தொண்டையைக் கமறும். எனவே ஜன்னலைத் திறந்து வையுங்கள். முழங்கை வரை ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். எவர்சில்வர் பாத்திரமோ கனமான பிளாஸ்டிக் வாளியோ எடுக்கலாம். அலுமினியம் கூடவே கூடாது. காரம் அதைத் தின்று, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சிங்க் அடைப்பு எடுக்க விற்கும் பவுடரிலும் காஸ்டிக் சோடா இருப்பதால் சிலர் அதையே சோப்புக்கு வாங்கிவிடுகிறார்கள். அவற்றில் சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். கெமிக்கல் கடையில் கலப்பில்லாத காஸ்டிக் சோடா கேட்டு வாங்குங்கள்.

காரத்தண்ணீரும் எண்ணெயும் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒன்றை ஒன்றில் ஊற்றிக் கிண்ட வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு எண்ணெயின் பளபளப்பு மங்கும், நிறம் வெளுக்கும், கரண்டி கனக்கும். கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால் விழுந்த சொட்டு மேலேயே கோடாக நிற்க வேண்டும். தோசைமாவுப் பதம். நம் பெண்களுக்கு இந்தப் பதத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரீச்சம்பழம் வந்த பிளாஸ்டிக் டப்பாக்களில் ஊற்றி, பழைய துண்டால் மூடி வைத்தால் மறுநாள் கத்தியால் வெட்டும் அளவுக்கு இறுகிவிடும். வெட்டிய கட்டிகளை நான்கு வாரம் காற்றாட அடுக்கி வைக்க வேண்டும். ஆகஸ்டு மாதத்து ஈரக்காற்று பட்டால் வீட்டுச் சோப்பு வியர்க்கும். எண்ணெயிலிருந்து பிரிந்த கிளிசரின் அதற்குள்ளேயே இருப்பதால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஏ.சி. ஓடும் அறையில் அலமாரிக்கு மேல் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

லாத்தாவின் கேனிலிருந்து ஐந்து தடவை ஊற்றினேன். காய்ந்தபின் ஆறு கிலோவுக்கு மேல் சோப்பு நின்றது. பாதி அவர் வீட்டுக்குப் போனது. சட்டைக் காலர், கரித்துணி, குழந்தைகளின் சாக்ஸ் எல்லாவற்றையும் அதில்தான் தேய்க்கிறோம்.

எண்ணெயும் காரமும் சேர்ந்த இந்தச் சோப்பு நாம் அரபு மண்ணுக்குப் புதிதாகக் கொண்டுவந்தது இல்லை. காரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆல்கலி' என்ற சொல்லே அரபியின் 'அல்-கலி'யிலிருந்து வந்ததுதான். உவர்நிலச் செடிகளை எரித்தெடுத்த சாம்பலுக்கு அந்தப் பெயர். உஷ்னான் என்ற செடியை அரபு நாடுகளில் கை கழுவவும் துணி துவைக்கவும் வைத்திருந்தார்கள். சித்ர் மர இலையை இடித்த பொடியில் எமிரேட்ஸ் பெண்கள் தலை அலசினார்கள். நம் இலந்தைக்கு அந்த மரம் நெருங்கிய உறவு. ஷார்ஜா சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு அடுக்கின் ஓரத்தில், பளிச்சென்ற உறை இல்லாமல், முத்திரை குத்திய வெளிர்க்கட்டிகள் சில இருக்கும். பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரத்துச் சோப்பு அது. ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காரம் என்று மூன்றே பொருள். அந்தக் காலத்தில் ஜோர்டான் ஆற்றங்கரைச் செடிகளின் சாம்பலைத்தான் காரமாகப் போட்டார்கள். கட்டிகளை உயரமான கோபுரங்களாக அடுக்கிக் காயவைப்பார்கள். அந்தச் சோப்பு செய்யும் கலையையும் சிரியாவின் அலெப்போ சோப்புக் கலையையும் யுனெஸ்கோ 2024-ல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. அலமாரி மேல் காயும் என் சோப்புக் கட்டிகளும் அதே குடும்பம்தான் என்று நினைக்கும்போது எனக்கு உள்ளபடியே பெருமையாக இருக்கிறது.

நம் பக்கத்திலும் உவர்மண்ணும் வெள்ளாவியும் வைத்துத்தான் ஊர் முழுக்க வெளுத்தது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் சவர்க்காரம் என்கிறார்கள், நம் பாட்டிமார் சவுக்காரம் என்றார்கள். சொல்லுக்குள்ளேயே காரம் இருக்கிறது. பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை. எட்டுப் பத்துக் கொட்டைகளை விதை நீக்கி இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிசைந்து வடித்தால் ஒரு புடவைக்குத் தாராளமாகப் போதும். காஸ்டிக் சோடாவைத் தொடவே பயப்படுகிறவர்களுக்கு இதுதான் நல்ல தொடக்கம். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் அரைக்கிலோ சொல்லிவிட்டால் மாதக்கணக்கில் வரும். கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும்.

எல்லாருக்கும் வீட்டுச் சோப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே அறையில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் பேச்சிலர் ரூமில் காஸ்டிக் சோடா கலக்கக் கூடாது. காற்றோட்டம் இருக்காது. பொதுச் சமையலறையில் யாராவது அந்த வாளியைத் தண்ணீர் என்று நினைத்துத் தூக்கிவிடலாம். ஆனால் சோப்புச் செலவு அதிகம் உறுத்துவதும் அவர்களுக்குத்தான். சோனாப்பூரிலும் அல் கூஸிலும் சாஜாவிலும் முசஃபாவிலும் கேம்புகளில் இருக்கும் நம் தம்பிகளுக்குத் தங்க இடமும் போய்வரப் பஸ்ஸும் பெரும்பாலும் கம்பெனி தந்துவிடுகிறது. சோப்பு அவர்கள் கைக்காசு. சிமெண்டும் கிரீஸும் படிந்த கவராலைத் தினமும் அலச வேண்டும். வாளியில் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டியும் அழுக்கு போகவில்லையே என்று இன்னொரு கை அள்ளுவார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது வாஷிங் சோடா. காஸ்டிக் சோடா வேறு, இது வேறு. கிரீஸை இளக்குவதும் தண்ணீரின் கடினத்தை முறிப்பதும் இதன் வேலை. அகமதாபாத்தில் 1969-ல் கர்சன்பாய் படேல் என்ற ஆய்வகப் பணியாளர் வீட்டுக் கொல்லையில் கலந்து, சைக்கிளில் வீடு வீடாக விற்ற நிர்மா சோப்புத்தூளின் அடிப்படையே சோடாச் சாம்பல் என்ற இந்தச் சோடாதான். பெரிய கம்பெனித் தூள் கிலோ 13 ரூபாய்க்கு விற்றபோது அவர் 3 ரூபாய்க்குக் கொடுத்தார். ஏழை வீடுகளுக்குள் சோப்புத்தூள் நுழைந்தது அந்த விலையால்தான். கவராலை இரவே ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி வாஷிங் சோடா போட்டு ஊறவைத்து, காலையில் மலிவான பார் சோப்பைத் தேய்த்தால் போதும். தூள் செலவு பாதியாகும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. வெறுங்கையால் அளையவும் கூடாது, தோல் வெடிக்கும். கடையில் வாஷிங் சோடா கிடைக்கவில்லையென்றால் சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி 200 டிகிரி சூட்டில் ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி வாஷிங் சோடாவாகிவிடும். ஒரு கிலோ போட்டால் 630 கிராம் கிடைக்கும்.

வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். சோப்பைத் துருவி, சோடாவும் வெண்காரமும் கலந்து மெஷினில் போடும் செய்முறை பல இடங்களில் உலவுகிறது. நான் செய்து பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். சோப்பு வேறு, கடையில் விற்கும் டிடர்ஜெண்ட் வேறு. சோப்பு தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து பிசுக்காகி டிரம்முக்குப் பின்னாலும் துண்டின் இழைகளுக்குள்ளும் படியும். நாளாக ஆகத் துண்டு தண்ணீரை உறிஞ்சாது, மெஷினும் நாறும். மெஷினுக்குக் கடைத்தூளே சரி. ஆனால் அளவைக் குறையுங்கள். துபாய் குழாயில் வருவது பெரும்பாலும் ஜெபல் அலியில் கடல்நீரிலிருந்து எடுத்த நீர். நம் ஊர் போர் தண்ணீரைப் போல அதில் கடினம் கிடையாது. கடினம் குறைந்த தண்ணீருக்குத் தூளும் குறைவாகவே போதும். எங்கள் வீட்டில் வழக்கமாகப் போட்டுவந்ததில் பாதிதான் இப்போது போடுகிறேன். துணி வெளுக்கிறது, நுரை போகவில்லை என்று மறுபடி அலசும் வேலையும் இல்லை. ஒரு சோப்புக்கட்டிகூடச் செய்யாமல் கிடைக்கும் மிச்சம் இது.

இன்னொன்று. வெள்ளைத் துணிக்கு க்ளோராக்ஸ் ஊற்றும் பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அதோடு வினிகரைச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சோப்பு செய்யத் துணிகிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. காஸ்டிக் சோடா டப்பாவின் மேல் தமிழிலும், வீட்டில் வேலை செய்பவர்கள் படிக்கும் மொழியிலும் 'விஷம்' என்று பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். பார்க்கச் சர்க்கரை போலவே இருக்கும். மேலே பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். எமிரேட்ஸில் அதற்கான எண் 998.