பழைய சாவியைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி

உங்க வீட்டு டிவி ஸ்டாண்டு டிராயரையோ சாமி மாடத்தையோ ஒரு தடவை துழாவிப் பாருங்க. எந்தப் பூட்டுக்குன்னே தெரியாத நாலஞ்சு சாவி கட்டாயம் கிடக்கும். தூக்கிப் போட மனசு வராது, வெச்சிருந்தும் பயன் இல்ல.

பென்னாகரம் பக்கத்துல இருக்கிற எங்க ஆயா வீட்டுல, அவங்க தவறி மூணு மாசம் கழிச்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய சாவி கிடைச்சது. மொத்தம் 21. அதுக்கு முந்தின வாரம்தான் அவங்க டிரங்குப் பெட்டியோட பூட்டை மாமா சுத்தியலால உடைச்சிருந்தார். பாட்டில்ல இருந்து மூணாவதா எடுத்த சாவி அந்த உடைஞ்ச பூட்டுக்குள்ள கச்சிதமாப் போய் உக்காந்துச்சு. கையால செஞ்ச திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு அது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டு வகை. உடைச்சது உடைச்சதுதான். அதனால மீதி 20 சாவியையும் எடைக்குப் போடலாம்னு அப்பா சொன்னப்போ, ஒரு நாள் டைம் கேட்டேன்.

சாவியைப் பார்த்தே பூட்டைச் சொல்லலாம்

முதல்ல சாவிகளை வகை பிரியுங்க. உருண்டையான தண்டும் நுனியில கொடி மாதிரி ஒரு பட்டையும் இருந்தா அது லீவர் பூட்டுக்கானது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினாத்தான் பூட்டு திறக்கும். கம்மியாத் தூக்கினாலும் திறக்காது, அதிகமாத் தூக்கினாலும் திறக்காது. 1778-ல் இங்கிலாந்துல ராபர்ட் பேரன் கொண்டு வந்த ஐடியா இது. தண்டு குழல் மாதிரி ஓட்டையா இருந்தா, பூட்டுக்குள்ள ஒரு கம்பி நிற்கும்னு அர்த்தம். பெரும்பாலும் பெட்டி, அலமாரி மாதிரி ஒரே பக்கம் திறக்கிற பூட்டா இருக்கும்.

தட்டையா, ஒரு ஓரத்துல மேடு பள்ளமா இருந்தா பின் டம்ளர் வகையா இருக்கலாம். லைனஸ் யேல் 1861-ல் காப்புரிமை வாங்கின அமைப்பு. அஞ்சு பின், ஒவ்வொண்ணுக்கும் ஆறு உயரம்னு வெச்சுக்கிட்டா 6 × 6 × 6 × 6 × 6 = 7,776 விதமான சாவி சாத்தியம். நம்ம வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுல சேராததுக்கு இந்தக் கணக்குதான் காரணம். மேஜை டிராயர், பீரோ, வண்டிச் சாவிகளும் இதே மாதிரி தட்டையா வரும், அதனால அங்கேயும் போட்டுப் பாருங்க.

முரட்டுத்தனம் வேண்டாம்

துரு ஏறின இரும்புச் சாவியை மண்ணெண்ணெயில ஊற வெச்சு பிரஷ்ஷால தேய்ங்க. பித்தளைன்னா புளி போதும், அதுல இருக்கிற அமிலம் கறையை எடுத்துடும். பூட்டு இறுகிப் போயிருந்தா தேங்காய் எண்ணெய் ஊத்தாதீங்க. கொஞ்ச நாள்ல தூசியோட சேர்ந்து பிசினாயிடும். பென்சிலைச் சாவி மேல நல்லாத் தேய்ச்சுப் போட்டுப் பாருங்க. அதுல இருக்கிற கிராஃபைட் நல்ல மசகு. திரும்பலைன்னா விட்டுடுங்க. முறுக்கினா சாவி உடைஞ்சு பாதி உள்ளேயே நின்னுடும்.

பொருந்தினதுக்கு உடனே அடையாளம் கட்டுங்க. ஆனா விலாசம் எழுதாதீங்க, தொலைஞ்சா திருடனுக்கு வழி சொன்ன மாதிரி ஆயிடும். ஒரு நம்பரோ கலர் நூலோ போதும்.

ரோட்டுல கிடைச்ச சாவி

பஸ்லயோ கேன்டீன்லயோ சாவி கிடைச்சா நம்ம முதல் வேலை என்ன? போட்டோ எடுத்து குரூப்ல போடறது. அதைச் செய்யாதீங்க. 2008-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாகத்து ஆராய்ச்சியாளர்கள், சுமார் 200 அடி தூரத்துல இருந்து எடுத்த போட்டோவை வெச்சே சாவியோட வெட்டுகளைக் கணக்குப் போட்டு டூப்ளிகேட் செஞ்சு காட்டினாங்க. நம்ம ஃபோன் கேமராவுல கிட்ட இருந்து எடுத்தா சொல்லவே வேண்டாம். "ஒரு சாவி கிடைச்சிருக்கு, கீ செயின் எப்படி இருக்கும்னு சொல்றவங்க வாங்கிக்கலாம்"னு எழுதினாப் போதும். இல்லைன்னா கண்டக்டர்கிட்டயோ செக்யூரிட்டிகிட்டயோ போலீஸ் ஸ்டேஷன்லயோ கொடுத்துடுங்க.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவுப்படி, கிடைச்ச பொருளை எடுத்து வெச்சுக்கிறவருக்கு அதைப் பத்திரமாப் பார்த்துக்கிற பொறுப்பு உண்டு. திருப்பிக் கொடுக்கிற எண்ணத்துல எடுத்து வெச்சா குற்றம் இல்ல. நேர்மையில்லாம நம்மதாக்கிக்கிட்டா பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவு வரும்.

கடைசி வரைக்கும் எதுக்கும் சேராத சாவிகளை எடைக்குப் போடலாம், பித்தளைக்குத் தனி விலை. போடறதுக்கு முன்னாடி பல்லை அரத்தால ராவிடுங்க.

ஆயாவோட கணக்கு

அந்த ஒரு நாள்ல ஆறு சாவிக்குப் பூட்டு கிடைச்சது. பதிமூணு எதுக்கும் சேரலை. மிச்சம் ஒண்ணுல மட்டும் சிவப்புத் துணி கட்டியிருந்துச்சு. அம்மா பார்த்ததும், "இது நம்மது இல்லடா, எதிர் வீட்டுச் சாவி"ன்னாங்க. அந்த வீட்டுக்காரங்க பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் எட்டு வருஷம் ஆச்சு. போகும்போது ஆயாகிட்ட கொடுத்துட்டுப் போயிருக்காங்க. நம்ம பக்கத்துல இப்படிப் பூட்டிக் கிடக்கிற வீடு எத்தனைன்னு உங்களுக்கே தெரியும்.

ஃபோன் பண்ணிச் சொன்னோம். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் வந்தவங்க, அப்படியே ஊருக்கும் வந்தாங்க. ரெண்டு தடவை பென்சில் தேய்ச்ச பிறகு பூட்டு திறந்துச்சு. அந்த அக்கா வீட்டைக் கூட்டி, விளக்கேத்தி வெச்சுட்டுக் கிளம்பும்போது, சாவியைத் திரும்ப அம்மா கையில கொடுத்தாங்க.

இப்போ அது எங்க வீட்டு ஆணியில தொங்குது. அதே சிவப்புத் துணியோட.