கார்த்திகைப்பூவின் கிழங்கு

மாத்தளையிலிருந்து நாலந்த, நாவுல வழியாகத் தம்புள்ளைக்கு ஏகும் பெருவீதியில், வடகீழ்ப் பருவமழை தொடங்கியபின் செல்வோர், வேலியோரப் பற்றைகளிடையே தீச்சுடர் போன்றதொரு மலரைக் காண்டல் கூடும். இலைநுனிகள் சுருண்டு அயலிலுள்ள கொம்பரைப் பற்ற, கொடி மேலேறும். ஆறு இதழ்களும் நெளிந்து பின்னோக்கி வளைந்து, முதலிற் பசுமஞ்சளாயிருந்து, பின்னர்ச் செந்நிறம் எய்தும். நம்மவர் கார்த்திகைப்பூ என்றும், சிங்கள மக்கள் நியகலா என்றும் வழங்குவது இதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதற்கண் நிற்கும் காந்தளும் இதுவேயாம்.

மலரினும் நாம் கருத்தூன்ற வேண்டுவது மண்ணுள் மறைந்துள்ள கிழங்கையே. அது வளைந்து கலப்பை போன்றிருத்தலின் தமிழ் வைத்தியர் கலப்பைக்கிழங்கு என்றனர். வடநூலார் இட்ட இலாங்கலி என்னும் பெயரும் அப்பொருளதே. மூட்டுநோவுக்கும் தோல்நோய்க்கும் அதனை அரைத்துப் பூசினர். பிரசவம் தாமதித்தவிடத்துத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் தடவினர். ஆயினும் ஆயுள்வேத நூலோர் இதனை உபவிடங்களுள் ஒன்றாகவே வைத்தனர். சுத்திசெய்யாது கையாளலாகாது என விதித்தனர். அவர்தம் அச்சம் காரணமற்றதன்று.

இக்கிழங்கிலும் விதையிலும் கொல்சிசீன் என்னும் நச்சுப்பொருள் உண்டு. வேறொரு செடியிலிருந்து 1820 இல் பெல்லற்றியே, கவந்தூ என்னும் பிரான்சிய அறிஞர் இருவர் முதலிற் பிரித்தெடுத்த பொருளே இது. கலங்கள் பிரிந்து பெருகுவதை இது தடுக்கும். வாதநோய் வகையுள் ஒன்றாகிய 'கவுற்' நோய்க்கு இன்றும் இது சிறந்த மருந்து. 2023 இல் ஐக்கிய அமெரிக்காவில் இருதய நோயாளர்க்கும் அனுமதிக்கப்பட்டது. அங்குக் கொடுக்கப்படும் நாளளவு 0.5 மில்லிகிராம். உடல்நிறையில் கிலோ ஒன்றுக்கு 0.8 மில்லிகிராம் உட்சென்றால் உயிர் பிழைத்தல் அரிது. ஐம்பது கிலோ நிறையுடையார்க்கு 40 மில்லிகிராமே போதும். கிழங்குக்குக் கிழங்கு நஞ்சின் அளவு வேறுபடும். மோரில் ஊறவைத்தபின் எஞ்சிய நஞ்சு எவ்வளவு என்பதைக் கண்ணும் நாவும் அறியா. ஆகலின் வீட்டார் தாமே இதனை உள்மருந்தாக்குதல் பெருந்தவறாம்.

வற்றாளைக் கிழங்கென மயங்கி அவித்துண்டு நஞ்சேறியவரும் இந்நாட்டில் உளர். அவித்தலால் இந்நஞ்சு அழிவதில்லை. உண்டபின் சில மணிநேரம் யாதொரு குறியும் தோன்றாதிருத்தல் கூடும். பின்னர் வாந்தியும் கழிச்சலும் மிகும். சாதாரண வயிற்றுக்கோளாறெனக் கருதிக் கைமருந்து கொடுத்துக் காலங் கழிப்பதே பலருக்கு எமனாகின்றது. ஏனெனில், விரைந்து பெருகும் கலங்களையுடைய குடற்சுவரும் என்புமச்சையுமே முதலிற் பழுதுறும். அடுத்த சில நாட்களில் இரத்தக் கலங்கள் குன்றும். பிழைத்தவர்க்கு இரண்டாம் வாரமளவில் தலைமயிர் உதிர்ந்து, பின் மீள வளர்வதும் உண்டு.

மருத்துவமனைகளில் இதற்குரிய மாற்றுமருந்து வழக்கில் இன்மையால், நேரமே பெருந்துணை. உண்டது தெரிந்தவுடன், குறி தோன்றுமட்டும் காத்திராது, நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். எஞ்சிய கிழங்கிருப்பின் அதனையும் உடன் எடுத்துச்செல்க. அவித்து வெட்டிய துண்டாயினும் அது மருத்துவர்க்கு உதவும்.