ஒருங்கிணைந்த வீட்டு ஆற்றல் சீரமைப்புச் சேவைகளுக்கான பொது நிதி

ஒருங்கிணைந்த வீட்டு ஆற்றல் சீரமைப்புச் சேவை என்பது, ஒரு வீட்டின் ஆற்றல் செலவைக் குறைப்பதற்குத் தேவையான ஆய்வு, திட்டமிடல், மானிய விண்ணப்பம், கடன் ஏற்பாடு, ஒப்பந்ததாரர் தேர்வு, பணி மேற்பார்வை, இறுதிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே இடத்தில் செய்து தரும் ஏற்பாடு ஆகும். இது ஒற்றைச் சாளரச் சேவை என்றும் அழைக்கப்படுகிறது. ஐரோப்பாவில் இத்தகைய சேவைகளை நடத்தும் செலவில் ஒரு பகுதியை ஐரோப்பிய ஒன்றியமும் உறுப்பு நாடுகளின் அரசுகளும் ஏற்கின்றன. சீரமைப்புப் பணிக்காக வீட்டு உரிமையாளருக்குத் தரப்படும் மானியம் வேறு. அவருக்கு வழிகாட்டும் சேவைக்குத் தரப்படும் நிதி வேறு. இக்கட்டுரை இரண்டாவது வகை நிதியைப் பற்றியது.

பின்னணி

ஐரோப்பிய ஒன்றியத்தில் பயன்படும் ஆற்றலில் ஏறத்தாழ 40% கட்டடங்களில் செலவாகிறது. வீடுகளைப் பொறுத்தவரை, அதில் பெரும் பங்கு குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கவே போகிறது. சுவர், கூரை, சன்னல் வழியாக வெப்பம் வெளியேறும் பழைய வீடுகள் ஏராளம். மொத்தக் கட்டடங்களில் ஏறத்தாழ 75% ஆற்றல் திறன் குறைந்தவை என்று ஐரோப்பிய ஆணையம் கூறுகிறது. ஆனால் ஓர் ஆண்டில் ஆற்றல் சேமிப்புக்காகச் சீரமைக்கப்படுபவை 1% அளவே. இதே வேகத்தில் சென்றால் பணி முடிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடிக்கலாம். எனவே 2030-க்குள் 3.5 கோடி கட்டடங்களைச் சீரமைக்கும் இலக்குடன் 'சீரமைப்பு அலை' என்னும் திட்டத்தை ஆணையம் 2020 அக்டோபரில் அறிவித்தது.

ஒருங்கிணைப்பின் தேவை

வீட்டுச் சீரமைப்பில் பணிகளின் வரிசை முக்கியமானது. முதலில் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு இட வேண்டும். அதன்பின் அந்த வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை எனக் கணக்கிட்டு, ஏற்ற அளவுள்ள வெப்ப எக்கியைப் (ஹீட் பம்ப்) பொருத்த வேண்டும். வரிசை மாறினால் தேவைக்கு மேல் பெரிய கருவியை வாங்க நேரிடும். காற்றோட்டத்தைக் கவனிக்காமல் இடுக்குகளை மட்டும் அடைத்தால், ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

வெப்பக் காப்பு இடுபவர், சன்னல் மாற்றுபவர், மின்பணியாளர், வங்கி, மானிய அலுவலகம் என ஒவ்வொருவரையும் தனித்தனியே அணுகி, பணிகளை வரிசைப்படுத்துவது சாதாரணக் குடும்பத்துக்கு எளிதன்று. முதியோருக்கு இது இன்னும் கடினம். பணம் இருந்தும் பலர் தயங்கி நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒற்றைச் சாளரச் சேவை இந்த இடைவெளியை நிரப்புகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி வழிகள்

எலெனா: ஐரோப்பிய ஆணையமும் ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் 2009-இல் தொடங்கிய உதவி இது. கட்டுமானச் செலவுக்கு இதிலிருந்து பணம் கிடைக்காது. ஆய்வு, திட்டம் தயாரித்தல், பணியாளர் ஊதியம் போன்ற முன்னேற்பாட்டுச் செலவில் 90% வரை கிடைக்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டுச் சீரமைப்புத் திட்டங்களில், பெற்ற தொகையைப் போல் குறைந்தது 10 மடங்கு முதலீடு நடைபெற வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 இலட்சம் யூரோ பெற்ற ஒரு நகராட்சி, குறைந்தது 1 கோடி யூரோ மதிப்புள்ள பணிகள் நடைபெறச் செய்ய வேண்டும்.

லைஃப் திட்டம்: 2021–2027 காலத்துக்கான இத்திட்டத்தில் தூய ஆற்றல் மாற்றத்துக்கெனத் தனிப் பிரிவு உள்ளது. புதிய ஒற்றைச் சாளரச் சேவைகளை உருவாக்கவும், இருப்பவற்றை விரிவாக்கவும் இதன் மூலம் நிதி வழங்கப்படுகிறது.

சட்டக் கடமை: 2024-இல் திருத்தப்பட்ட, கட்டடங்களின் ஆற்றல் திறன் பற்றிய ஒன்றிய ஆணை, உறுப்பு நாடுகள் ஒற்றைச் சாளர மையங்களை அமைக்க வேண்டும் என்கிறது. மையங்களின் பரவலுக்கு அது தரும் அளவுகோல்களில் ஒன்று, 80,000 மக்களுக்கு ஒரு மையம் என்பதாகும்.

அயர்லாந்து

அயர்லாந்து அரசு 2022 பிப்ரவரியில் தேசிய வீட்டு ஆற்றல் மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் 5 இலட்சம் வீடுகளை 'பி2' என்னும் ஆற்றல் தரத்துக்கு உயர்த்துவது அந்நாட்டின் இலக்கு. அரசின் நிலைத்த ஆற்றல் ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனங்கள் ஒற்றைச் சாளரச் சேவையை நடத்துகின்றன. வீட்டு ஆய்வு முதல் இறுதி மதிப்பீடு வரை அவையே பொறுப்பு. மானியத் தொகை தொடக்கத்திலேயே கழிக்கப்படுவதால், உரிமையாளர் மீதித் தொகையை மட்டும் செலுத்தினால் போதும்.

வெப்பக் காப்புக்கும் கருவிகளுக்கும் போலவே மேற்பார்வைக்கும் இத்திட்டத்தில் தனி மானியம் உண்டு. 2022-இல் அறிவிக்கப்பட்டபடி, திட்ட மேலாண்மைக்குத் தனி வீடு ஒன்றுக்கு 2,000 யூரோவும், அடுக்ககக் குடியிருப்பு ஒன்றுக்கு 800 யூரோவும் ஒதுக்கப்பட்டன. சீரமைப்புக்கான அரசுச் செலவின் ஒரு பகுதி கார்பன் வரி வருவாயிலிருந்து வருகிறது.

பிரான்சின் வட பகுதி

பிரான்சின் பிக்கார்டி மண்டல அரசு, தானே ஒரு பொது அமைப்பை நிறுவி இச்சேவையைத் தொடங்கியது. 2016-இல் அம்மண்டலம் புதிய ஓ-தெ-பிரான்சு மண்டலத்தின் பகுதியான பின்னரும் சேவை தொடர்ந்தது. இது தொழில்நுட்ப வழிகாட்டலுடன் கடனும் வழங்குகிறது. சீரமைப்பால் மிச்சமாகும் ஆற்றல் கட்டணத்தைக் கொண்டு தவணையில் பெரும்பகுதியைச் செலுத்த இயலும் என்பது இதன் அடிப்படை. வங்கிக் கடன் பெற இயலாத முதியோருக்கும் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கும் இம்முறை வழி திறக்கிறது.

மானியம் மட்டும் போதாமைக்கு ஓர் எடுத்துக்காட்டு

பிரித்தானிய அரசு 2020 செப்டம்பரில் இங்கிலாந்தில் 'பசுமை வீடுகள் மானியம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 150 கோடி பவுண்டு ஒதுக்கி, 6 இலட்சம் வீடுகளைச் சீரமைக்க எண்ணியது. உரிமையாளரே தகுதி பெற்ற ஒப்பந்ததாரரைத் தேடிப் பிடித்து, விண்ணப்பித்து, மானியச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. விண்ணப்பங்கள் தேங்கின, போதிய ஒப்பந்ததாரர்களும் இல்லை. 2021 மார்ச் இறுதியில் திட்டம் மூடப்பட்டது. ஏறத்தாழ 47,500 வீடுகளே பயன்பெறும் என்றும், நிர்வாகத்துக்கு மட்டும் 5 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது என்றும் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. அவசரமும் குறுகிய காலக்கெடுவும் இத்தோல்விக்கு முக்கியக் காரணங்கள். பணம் ஒதுக்குவதற்கு முன் அதைக் கொண்டு சேர்க்கும் அமைப்பு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

சிக்கல்கள்

தொடர் நிதி: ஒன்றியத்தின் உதவி பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. காலம் முடிந்ததும் ஊழியர்களுக்கு ஊதியம் தர இயலாமல் மையம் மூடப்பட்டால், பாதிப் பணியில் உள்ள குடும்பங்கள் துணையின்றி நிற்கும். கட்டணம் வசூலித்தால், உதவி மிகத் தேவைப்படும் ஏழைகள் விலகிவிடுவர்.

நடுநிலை: ஆலோசனை கூறும் நிறுவனமே பணியையும் செய்தால், தேவையற்ற பணிகளைப் பரிந்துரைக்கும் வாய்ப்பு உண்டு. பிரான்சில் 2024 முதல், முழுமையான சீரமைப்புக்கு அரசு மானியம் பெற, அங்கீகாரம் பெற்ற ஆலோசகரின் துணை கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஆலோசகர் பணிகளைத் தாமே செய்யக் கூடாது.

வாடகை வீடுகள்: சீரமைப்புச் செலவு உரிமையாளருக்கு, கட்டணக் குறைவால் வரும் பயன் குடியிருப்பவருக்கு. இதனால் உரிமையாளர் முன்வருவதில்லை. செலவை வாடகையில் ஏற்றினால் குடியிருப்பவர் வெளியேற நேரிடலாம். குளிரான வீடுகளில் வாழ்வோரில் வாடகைக்கு இருப்போர் பலர் என்பதால், அவர்களைச் சென்றடையாத சேவை தன் நோக்கத்தில் பாதியையே நிறைவேற்றுகிறது.