கடற்காவல் விமானங்களின் பிற்கால வாழ்வு

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்தவுடன் ஹெப்பகோடி வருகிறது. அதனை அடுத்துள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டை இயந்திரப் பட்டறைகள் நிறைந்த பகுதியாகும். முதிய விமானம் ஒன்றின் சக்கர அச்சு தேய்ந்துவிட்டது என்றும், அதனைச் செய்த கம்பெனி மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயின என்றும் வைத்துக் கொள்வோம். அதே அளவில் வேறோர் அச்சைக் கடைந்து தருவது நல்ல பட்டறை ஒன்றிற்கு அரிய காரியமன்று. ஆயினும் அந்த அச்சை விமானத்தில் பொருத்தலாமா என்பது வேறு கேள்வி. அது எந்த உலோகக் கலவையால் ஆனது, எந்த வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது, எந்த வரைபடத்தின்படி கடையப்பட்டது, யாரால் சோதிக்கப்பட்டது என்பவற்றிற்கு எழுத்து மூலமான சான்று இல்லையேல், அளவில் இம்மியும் பிசகாத அச்சும் பழைய இரும்புக்குச் சமமே ஆகும்.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற போர் விமானங்களுள் சிலவற்றை நினைவு விழாக்களில் பறக்கவிடும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. அவற்றுள் கடல்மீது பணியாற்றிய விமானங்களைக் காப்பது மிகவும் கடினமானது. அதன் காரணங்களை அறிவதற்குப் பெங்களூரின் வரலாறே நல்ல பாடமாக அமைகிறது.

ஏரியில் இறங்கிய விமானங்கள்

ஹெப்பகோடியிலிருந்து வடக்கே சென்றால் பெல்லந்தூர் ஏரியும், அதற்கப்பால் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும் உள்ளன. வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் அரசின் துணையுடன் 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தொழிற்சாலையை நிறுவினார். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய நிலையமாக இது மாறிற்று. காட்டலினா என்னும் கடல் விமானங்கள் பெல்லந்தூர் ஏரி நீரில் இறங்கின. அங்கிருந்து அவை தொழிற்சாலைக்குக் கொண்டுவரப்பட்டுச் செப்பனிடப்பட்டன. கடலே இல்லாத பீடபூமி நகரம் ஒன்று கடல் விமானங்களைப் பேணும் கலையை இவ்வாறு கற்றுக்கொண்டது.

காட்டலினாவில் அமைந்திருந்த எஞ்சின், பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் ‘ட்வின் வாஸ்ப்’ ஆகும். ஏழு ஏழாக இரண்டு வட்ட வரிசைகளில் 14 சிலிண்டர்களைக் கொண்ட இது சுமார் 1,200 குதிரைத் திறன் அளிக்க வல்லது. லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்திலும், டக்கோட்டா என்னும் போக்குவரத்து விமானத்திலும் இதே இனத்தைச் சேர்ந்த எஞ்சின்களே இருந்தன. இச்செய்தியை வாசகர் நினைவில் கொள்வது பின்னர்ப் பயன்படும்.

சிதைவிலிருந்து சேவைக்கு

போர் முடிந்தபோது, அமெரிக்கா குத்தகை முறையில் பிரிட்டனுக்கு அளித்திருந்த லிபரேட்டர்கள் பல கான்பூரில் நின்றன. அவை மீண்டும் பயன்படாதவாறு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே கருவிகள் உடைக்கப்பட்டன. உடற்பகுதிகளில் துளைகள் இடப்பட்டன. எஞ்சின்களில் மணல் கொட்டப்பட்டது. அதன்பின் அவை வெயிலிலும் மழையிலும் விடப்பட்டன.

1948-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் தேவைப்பட்டன. ஹிந்துஸ்தான் தொழிற்சாலையின் நிபுணர்கள் கான்பூருக்குச் சென்று, ஒரு விமானத்தின் நல்ல பகுதியை மற்றொன்றில் பொருத்தி, பெங்களூர் வரை பறப்பதற்கு வேண்டிய அளவு மட்டும் அவற்றைச் செப்பனிட்டனர். தொழிற்சாலையின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி, அதற்குமுன் லிபரேட்டரை ஓட்டிய பழக்கம் இல்லாதவராக இருந்தும், அவற்றைப் பெங்களூருக்குக் கொணர்ந்தார். 1951 ஆகஸ்டில் இந்தியாவின் ஹெச்.டி.-2 பயிற்சி விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டவரும் இவரே.

இவ்வாறு நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் மீட்கப்பட்டன. விமானப்படையின் 6-ஆவது பிரிவு 1951 முதல் இவற்றைக் கொண்டு கடற்காவல் புரிந்தது. 1968-ஆம் ஆண்டின் இறுதியில் லிபரேட்டர்கள் ஓய்வு பெற்றன. கடற்காவல் பணி சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களுடன் 1976-இல் கடற்படையின் பொறுப்பில் வந்தது. அதன்பின் டி.யு.-142 விமானங்கள் 2017 மார்ச்சு வரை, தம் இறுதிக் காலத்தில் அரக்கோணம் ராஜாளி நிலையத்திலிருந்து, இப்பணியை ஆற்றின.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கான்பூரில் மீட்கப்பட்ட விமானங்கள் பார்வைக்குச் சிதைந்திருந்தனவேயன்றி வயதில் மிக இளையவை. அவற்றை அறிந்த தொழிலாளரும் அன்று பணியில் இருந்தனர். எண்பது ஆண்டு வயதான விமானத்திற்கு இவ்விரண்டு வசதிகளும் இல்லை.

உப்பும் உலோகமும்

விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மீது மெல்லிய ஆக்ஸைடுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. வலிமைக்காகச் செம்பு சேர்த்த கலவைக்கு இப்பாதுகாப்புக் குறைவு. கடற்காற்றின் உப்பு அப்படலத்தைத் துளைத்துவிடுகிறது. மேலும் அலுமினியத் தகட்டை எஃகு மரையாணி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் தேங்கினால், அங்கே சிறிய மின்கலம் ஒன்று உண்டாகிறது. அதில் கரைந்து அழிவது அலுமினியமே. இந்த அரிப்பு பெரும்பாலும் தகடுகளின் இணைப்புகளுக்குள், வண்ணப்பூச்சின் அடியில், கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்கிறது. இதனாலேயே கடலிலிருந்து திரும்பும் விமானம் நன்னீரால் கழுவப்படுகிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகச் செய்துகாட்டலாம். இரண்டு அலுமினியத் துண்டுகளுள் ஒன்றின்மீது செம்புக் கம்பியை இறுகச் சுற்றி உப்பு நீரிலும், மற்றொன்றைத் தனியே நன்னீரிலும் வைத்துச் சில நாட்கள் கவனித்தால், முன்னதில் வெண்மையான படிவும் குழிகளும் தோன்றுவதைக் காணலாம்.

பிரிட்டிஷ் கடற்படையின் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானம் ஒன்றின் கதை இதற்குச் சான்றாகும். 1941-இல் செய்யப்பட்ட இந்த இரட்டை இறக்கை விமானம், 1972-இல் நிறுவப்பட்ட கடற்படை வரலாற்று விமானப் பிரிவில் இருந்து விழாக்களில் பறந்து வந்தது. 2003-இல் அதன் இறக்கையின் தாங்கு சட்டத்தில் அரிப்புக் காணப்பட்டதும் பறப்பது நிறுத்தப்பட்டது. புதிய இறக்கைகள் செய்யப்பட்டு அது மீண்டும் பறந்தது 2015-ஆம் ஆண்டில்தான். ஒரு தாங்கு சட்டத்தின் அரிப்பு பன்னிரண்டு ஆண்டுகளை விழுங்கிற்று. அப்பிரிவும் 2019-இல் கடற்படையால் கலைக்கப்பட்டு, விமானங்களைப் பேணும் பொறுப்பு அறக்கட்டளை ஒன்றின் கைக்குச் சென்றது.

களைப்பும் முதுமையும்

அரிப்புக்கு அடுத்த பகை உலோகக் களைப்பு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பன்முறை வளைத்தால், ஒருமுறை வளைக்கையில் தாங்கிய கம்பி இறுதியில் முறிந்துவிடுகிறது. விமானம் ஒவ்வொரு முறை மேலெழும்போதும் இறங்கும்போதும் இறக்கையின் வேரில் இதுவே சிறிய அளவில் நிகழ்கிறது. கப்பலின் தளத்தில் இறங்கும் விமானம் கம்பி வடத்தில் கொக்கி மாட்டித் திடீரென நிறுத்தப்படுவதால், அதன் உடலுக்கு மேலும் அதிகமான அதிர்ச்சி ஏற்படுகிறது. மயிரிழை போன்ற வெடிப்புகளைக் காண்பதற்கு ஊடுருவும் சாயம், எக்ஸ்-கதிர், கேளா ஒலி அலை ஆகியவை பயன்படுகின்றன.

எஞ்சினுக்கும் தனி உபசாரம் உண்டு. ட்வின் வாஸ்ப் போன்ற வட்ட எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்குகிறது. எண்ணெய் அழுத்தத்திற்கு அடங்காது. அந்நிலையில் எஞ்சினை முடுக்கினால் உள்ளிருக்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஆகவே முதலில் சுழல்விசிறியைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்ப்பர். தடை தென்பட்டால், தீப்பொறிச் செருகியைக் கழற்றி எண்ணெயை வடித்த பின்னரே எஞ்சின் முடுக்கப்படும். ரப்பர்க் குழாய்களோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமை அடைகின்றன. காலக்கெடு வந்ததும் அவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

ட்வின் வாஸ்ப் எஞ்சின்கள் 1,70,000-க்கும் மேலாகச் செய்யப்பட்டதால் அவற்றின் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்ட டக்கோட்டா ஒன்று 2018 ஏப்ரலில் இந்தியாவுக்குப் பறந்து வந்து ‘பரசுராமா’ என்னும் பெயருடன் விமானப்படையின் பழைய விமானப் பிரிவில் சேர்ந்ததற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். இத்தகைய எஞ்சின்களுக்கு வேண்டிய விமானப் பெட்ரோல் இந்தியாவில் முன்பு இறக்குமதியையே நம்பியிருந்தது. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் குஜராத்தில் தயாரித்த பெட்ரோலை அறிமுகப்படுத்தியது.

ஏடுகளின் முக்கியத்துவம்

ஒவ்வொரு விமானத்திற்கும் ஒரு பதிவேடு உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, மாற்றியவர் யார், சரி பார்த்தவர் யார் என்பன அதில் குறிக்கப்படுகின்றன. இவ்வேட்டை அலட்சியம் செய்வது உயிருக்கு உலை வைப்பதாகும். 2019 அக்டோபர் 2-ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பயணிகளுடன் பறந்த பி-17 விமானம் ஒன்று வீழ்ந்து ஏழு பேர் மாண்டனர். ஓர் எஞ்சினை நிறுத்திய பின் விமானம் செலுத்தப்பட்ட முறையில் தவறு நேர்ந்தது என்றும், பயணக் காலத்தில் பராமரிப்புப் போதாமையால் எஞ்சின்கள் வலிமை குன்றின என்றும், மேற்பார்வையும் குறைவாக இருந்தது என்றும் விசாரணை கண்டது. பழமையின்மீது கொண்ட அன்பு எவ்வளவு உண்மையானதாயினும், தேய்ந்த தீப்பொறிச் செருகிக்கு அது ஈடாகாது.

பறப்பதா, நிற்பதா?

அப்படியாயின் எல்லாப் பழைய விமானங்களையும் தரையிலேயே நிறுத்திவிடலாமா? நிறுத்தி வைப்பதும் எளிதன்று. 1998-இல் திறக்கப்பட்ட கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சீலாண்ட், சீ ஹாக், அலிஸே, சூப்பர் கான்ஸ்டலேஷன் ஆகியன உள்ளன. சீலாண்டுகள் 1953-இல் கொச்சிக்கு வந்து நமது கடற்படை விமானப் பிரிவுக்கு வித்திட்டவை. சீ ஹாக்குகளும் அலிஸேகளும் 1971-ஆம் ஆண்டுப் போரில் விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்தவை. திறந்த வெளியில் நிற்கும் விமானங்களைக் கடற்காற்று இன்றும் தீண்டுகிறது. எனவே நிற்கும் விமானத்திற்கும் கழுவலும் பூச்சும் கூரையும் வேண்டும்.

பறக்கும் விமானமோ தேய்ந்த பாகங்களை இழந்து புதியவற்றைப் பெறுகிறது. ஓரிரு தலைமுறைகளில் அதன் பழைய உலோகத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆனால் அதனைப் பறக்க வைக்கும் தொழிலறிவு மறைவதில்லை. ஓர் இனத்தில் ஒரே விமானம் எஞ்சியிருந்தால் அதனை நிறுத்திக் காப்பதும், எஞ்சினும் பாகங்களும் ஏடுகளும் ஒருங்கே கிடைக்கும் இனத்தில் ஒன்றைப் பறக்க வைப்பதும் தகுந்த முறையாகும்.

இந்தியாவில் ஓய்வு பெற்ற லிபரேட்டர்களின் பின்வரலாறு இதனை விளக்குகிறது. ஒன்று டில்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வேறு சில பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. 1968-க்குப் பின் இந்தியாவில் கேட்பாரற்று நின்ற ஒன்று, 1981-இல் இங்கிலாந்துக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் எடுத்துச் செல்லப்பட்டு, முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டு, 1989-இல் மீண்டும் பறந்தது. உலகில் 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் செய்யப்பட்டன. அவற்றுள் இன்று எஞ்சியுள்ள மிகச் சிலவற்றில் பல, கான்பூரில் அழிவுக்கு ஒப்புவிக்கப்பட்டு இந்தியத் தொழிலாளரின் கைகளால் பிழைத்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

பெங்களூரின் பழைய விமான நிலையச் சாலையில் 2001 முதல் இயங்கிவரும் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையின் அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், விமானத்தின் வேகத்தையும் பருமனையும் கூறுவதோடு நில்லாமல், ஒரு மரையாணியைச் சுட்டி, இது எதனால் ஆனது, எப்போது மாற்றப்பட வேண்டும், மாற்றியதை எங்கே எழுத வேண்டும் என்று வினவுவது நலம். அம்மாணவருள் சிலர் நாளை ஹெப்பகோடிப் பட்டறை ஒன்றில் கடைசல் இயந்திரத்தின்முன் நிற்கக்கூடும். அளவைச் சரியாகக் கடைவதும், கடைந்ததை உண்மையாக எழுதி வைப்பதும் ஒரே தொழிலின் இரண்டு பாதிகள் என்பதை அவர்கள் அன்று அறிந்திருப்பர்.