வெந்நீர்க் குளியல் பிரஷரைக் குறைக்குமா? முதியவர்கள் அறிய வேண்டியவை

வெந்நீரில் காலை வைத்திருந்தால் பிரஷர் இறங்கிவிடும், மாத்திரை தேவையில்லை என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிறது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள் பக்கவாதத்திலும் மாரடைப்பிலும் போய் விழக்கூடும். எது உண்மை, எது ஆபத்து என்று பார்ப்போம்.

உடலைச் சூடாக்கி நோய் தணிக்கும் வழக்கம் புதியதல்ல. குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, சூடான அறை என்று படிப்படியாக அமைந்த ஹம்மாம்கள் முஸ்லிம் நகரங்களில் பல நூற்றாண்டுகள் இயங்கின. ஜோர்டானில் 8ஆம் நூற்றாண்டில் உமையாக்கள் கட்டிய குஸைர் அம்ராவின் குளியல் அறைகளை இன்றும் காணலாம். மருத்துவ மேதை இப்னு ஸீனாவும் தமது 'அல்-கானூன்' நூலில் குளியலின் நன்மைகளோடு தீங்குகளையும் பேசுகிறார்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

வயது ஏற ஏற இரத்தக் குழாய்களின் சுவர் நெகிழ்ச்சியை இழந்து விறைத்துப் போகிறது. அதனால்தான் முதியவர்களுக்கு மேல் அளவு (சிஸ்டாலிக்) அதிகம் கூடுகிறது. உடல் சூடாகும்போது தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இதயம் வேகமாகத் துடித்து அதிக இரத்தத்தை அனுப்புகிறது. இந்த ஓட்டம் குழாயின் உட்சுவரை உரசும்போது அங்கே நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. மிதமான வேகத்தில் நடக்கும்போதும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. மூட்டுவலியால் நடக்க முடியாத பெரியவர்கள் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியதற்கு இதுவே காரணம்.

ஆய்வுகள் சொல்வது

பின்லாந்தில் சவுனா எனப்படும் சூடான அறையில் அமர்வது அன்றாட வழக்கம். அங்குள்ள குவோபியோ பகுதியில் 2,315 நடுத்தர வயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. வாரம் ஒரு முறை சவுனா சென்றவர்களை விட 4 முதல் 7 முறை சென்றவர்களிடம் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில், பிரஷர் இல்லாத 1,621 பேரில் அடிக்கடி சவுனா சென்றவர்களுக்குப் பிற்காலத்தில் அது வரும் வாய்ப்பு 47 சதவீதம் குறைவு என்று 2017இல் தெரியவந்தது.

ஜப்பானில் சுமார் 30,000 பேரைத் தொடர்ந்த ஆய்விலும், ஏறக்குறைய தினமும் வெந்நீர்த் தொட்டியில் குளிப்பவர்களுக்கு இதய, மூளை இரத்தக் குழாய் நோய்கள் 28 சதவீதம் குறைவாக இருந்தன.

ஆனால் இவை மக்களைக் கவனித்து எழுதிய கணக்குகள். ஆரோக்கியமாக இருப்பவர்களே அடிக்கடி சவுனா சென்றிருக்கலாம். ஏற்கெனவே இதய இரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களை வைத்துக் கனடாவில் நடந்த 8 வாரச் சோதனையில் இரத்தக் குழாய்களில் முன்னேற்றம் தென்படவில்லை. ஆகவே வெப்பம் ஒரு துணைதான், மாத்திரைக்கு மாற்று அல்ல.

ஆபத்து எங்கே?

வெந்நீர் பிரஷரை உடனே இறக்குகிறது. மாத்திரையும் இறக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டி விழ நேரிடும். வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலருக்கு அதன்பின் எழுந்து நடப்பதே சிரமம். வெந்நீரில் குளித்த கையோடு தொழ நிற்பவர்களுக்கு சஜ்தாவிலிருந்து எழும்போதும் இந்தத் தலைசுற்றல் வரலாம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. சூடு தெரியாமல் காலை வைத்திருந்து, கொப்புளம் வந்து, புண்ணாகிக் காலையே இழக்க நேரிடலாம். இவர்கள் வெந்நீரில் கால் வைப்பதையே தவிர்ப்பது நல்லது.

கடைப்பிடிக்க வேண்டியவை

• நீரின் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. 10 நிமிடம் போதும். குளியல் தொட்டியில் முதியவர்கள் இறப்பது அதிகம் என்பதால் ஜப்பான் அரசு தரும் அறிவுரையும் இதுதான்.
• சாப்பிட்ட உடனேயும் மாத்திரை போட்ட உடனேயும் வேண்டாம்.
• முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்க வேண்டாம்.
• நோன்பு நேரத்தில் உடலில் நீர் குறைந்திருக்கும், அப்போது தவிர்த்துவிடுங்கள்.
• குளியலறைக் கதவைத் தாழிடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். மெதுவாக எழுந்து சற்று நேரம் உட்கார்ந்த பிறகே நடங்கள்.
• அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், அடிக்கடி நெஞ்சுவலி வருபவர்கள், இதய வால்வு சுருங்கியவர்கள், தாழ்ந்த பிரஷர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

சில வாரங்கள் இப்படிச் செய்து வீட்டில் பார்க்கும் பிரஷர் குறைந்தே வந்தால், அந்த அளவுகளைத் தேதியோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மருந்து எடுப்பதும் அதைப் பேணுவதில் ஒரு பகுதியே. வீட்டிலுள்ள வாப்பா, உம்மாவிடம் இன்றே ஒரு வார்த்தை கேளுங்கள்: மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா, வெந்நீரின் சூடு காலுக்குத் தெரிகிறதா?