தூக்கில் தொங்கியவனுக்குக் கிடைத்த அரசு வேலை

ஊரை ஏய்த்துப் பிழைத்த ஒருவனைத் தூக்கில் போடுகிறார்கள். கண் விழித்தால் ஆட்சியாளர் வெட்டினாரியின் அறை. செத்தது அவன் வைத்திருந்த பொய்ப் பெயர் மட்டும்தான். பாழடைந்து கிடக்கும் தபால் நிலையத்தை எடுத்து நடத்தலாம், இல்லையென்றால் அந்தக் கதவு வழியாகப் போய்விடலாம் என்கிறார் வெட்டினாரி. கதவுக்கு அப்பால் தரை இல்லை, பள்ளம்தான். எட்டிப் பார்த்துவிட்டு வேலையை ஒப்புக்கொள்கிறான்.

டெர்ரி பிராட்செட்டின் 'கோயிங் போஸ்டல்' (2004) இப்படித் தொடங்குகிறது. அவருடைய டிஸ்க்வேர்ல்ட், ஆமை முதுகில் நிற்கும் நான்கு யானைகள் சுமக்கும் தட்டை உலகம். புராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது. வரிசையின் 41 நாவல்களில் இது 33-வது. முந்தையவற்றைப் படிக்காதவர்களும் தயங்காமல் இதில் நுழையலாம்.

நாயகன் மோயிஸ்ட் வான் லிப்விக் திருந்த வந்தவன் அல்லன். கிடைத்த முதல் வாய்ப்பில் தப்பி ஓடுகிறான். தூக்கமோ களைப்போ அறியாத பம்ப் என்ற களிமண் மனிதன் அவனைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறான். 'நான் யார் மீதும் கத்தி வைத்ததில்லையே' என்பதுதான் லிப்விக்கின் ஆறுதல். பம்ப் அமைதியாகக் கணக்குச் சொல்கிறான். லிப்விக்கின் மோசடிகளால் நொடித்த தொழில்கள், பறிபோன வேலைகள், சுருங்கிய ஆயுள்கள் எல்லாவற்றையும் கூட்டினால் அவன் கொன்றது 2.338 பேர். அந்தத் தசமப் புள்ளியைப் படித்துச் சிரிக்கிறோம். அடுத்த நொடியே சிரித்ததற்குக் கூச்சமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, அவன் மனம் பறிகொடுக்கும் அடோரா பெல்லின் வங்கி வேலை போனதற்கே அவன் அடித்த கள்ளப் பத்திரங்கள்தான் காரணம்.

இதற்குப் பிறகும் பிராட்செட் அவனை அழவைப்பதில்லை. பழைய வித்தைகளையே புது வேலைக்குத் திருப்பிவிடுகிறார். தபால்தலையை அவன் கண்டுபிடிப்பதே கள்ள நோட்டு அடித்த அனுபவத்தில்தான். தபால் நிலையம் எரிந்துபோனதும், தெய்வங்கள் புதையலைக் காட்டித் தந்ததாக ஊரைக் கூட்டி ஒரு நாடகம் போடுகிறான். தோண்டி எடுப்பது தான் முன்பு திருடிப் புதைத்த பணத்தை! திருட்டுப் பணத்தைத் திருப்பித் தரவும் ஒரு பொய் தேவைப்படுகிறது. நாவலின் உச்சம் என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான். இடையில் வரும் பன்ஷி என்ற அமானுஷ்யக் கொலையாளி இல்லாமலும் கதை நன்றாகவே ஓடியிருக்கும்.

எதிரி ரீச்சர் கில்ட்டோ ஒற்றைக் கண் மறைப்பு, தோளில் கிளி என்று கடற்கொள்ளையனாகவே உலவுகிறான். அப்படியும் மக்கள் அவனை நம்பிப் பணம் போடுகிறார்கள். சைகைக் கோபுரங்கள் வழியே செய்தி அனுப்பும் நிறுவனத்தை, உருவாக்கியவர்களிடமிருந்து காகிதக் கணக்காலேயே பறித்தவன் அவன். பராமரிப்புச் செலவை வெட்டியதில் தொழிலாளர்கள் விழுந்து சாகிறார்கள். பிரான்சில் 1790-களில் ஷாப் என்பவர் நிறுவிய சைகைத் தந்தியை இந்தக் கோபுரங்கள் நினைவூட்டும். 1830-களில் போர்தோவின் பிளாங்க் சகோதரர்கள், ஊழியருக்கு லஞ்சம் கொடுத்து அதில் பங்குச்சந்தைக் குறிப்புகளை நுழைத்துச் சம்பாதித்தார்கள். லிப்விக்கும் கடைசியில் கோபுரங்களுக்குள் ஒரு செய்தியை நுழைக்கிறான். அது என்னவென்று சொன்னால் படிக்கப்போகிறவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

இதன் தொடர்ச்சியாக 2007-ல் வந்த 'மேக்கிங் மணி'யில் லிப்விக் மதிப்புமிக்க அதிகாரி. மதிப்பு அலுத்துப்போய், இரவில் தன் தபால் நிலையத்துச் சுவரிலேயே திருட்டுத்தனமாக ஏறிக்கொண்டிருக்கிறான். இந்த முறை வெட்டினாரி அவனிடம் தள்ளிவிடப் பார்ப்பது வங்கியையும் நாணயச்சாலையையும்.