மரியாதைப் பன்மை

ஒருவரை ஒருமையாற் கூறுதலே இலக்கண நெறி. ஒருவன் வந்தால் ‘வா’ என்பதும் பலர் வந்தால் ‘வாருங்கள்’ என்பதும் வழாநிலை. அங்ஙனமாயின், ஒருவரையே ‘வாருங்கள்’ என்று அழைக்கின்றோமே, அஃது யாது? உயர்வு கருதி ஒருவரைப் பன்மையாற் கூறுதல் உலக வழக்கில் உண்டு. எனினும் அஃது இலக்கண முறைப்படியான சொல்நெறி அன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துட் கூறினார். பின்வந்த நன்னூலார், உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் காரணங்களாற் பாலும் திணையும் மயங்கினும் இயல்பெனக் கொண்டார். ஆகவே, மரியாதை என்பது நம் இலக்கணத்தில் ஒரு வழுவமைதி.

சில ஆண்டுகளுக்கு முன் பாலபண்டித வகுப்பில் இப்பகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன். அன்று எங்கள் பாடசாலை வளவுக்கு வேலி அடைப்பு. காலையில், கட்டட வேலை பற்றிப் பேசுவதற்கு இளைஞர் ஒருவர் காரில் வந்தார். வயது முப்பதைத் தாண்டியிராது. “வாருங்கள், இருங்கள்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். கிடுகு கட்ட வந்திருந்த முதியவருக்கோ எழுபது கடந்திருக்கும். வகுப்பறை யன்னலில் நின்றபடியே, “இங்கே வா, அந்த மூலையைப் பார்” என்றேன்.

பாடம் முடியுந் தறுவாயில் மாணவன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, காரில் வந்தவரைப் பன்மையாற் சொன்னது வழுவமைதி. வேலி அடைக்கிற அப்புவை ஒருமையாற் சொன்னது என்ன?”

வகுப்பு அமைதியாயிற்று. சிறிது நேரஞ் சென்று, “வழாநிலை” என்றேன். இலக்கணத்தின்படி அவ்விடை சரியானது. அவ்விடையைச் சொன்ன வாய்தான் அன்று முழுவதும் கசந்தது.

ஒழுக்கமுடைமை என்னும் அதிகாரத்தைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். உயர்குடி என்பது பிறப்பன்று, ஒழுக்கமே என்று வள்ளுவரைப் போற்றுவோம். அவ்விடத்துப் பரிமேலழகர் ஒழுக்கத்தை அவரவர் வருணத்துக்கும் நிலைக்கும் உரியதாக வகுத்து உரை செய்தார். மூலத்தை மேடையில் முழங்கிவிட்டு, உரையை வீட்டு முற்றத்தில் நடைமுறைப்படுத்துவோர் நம்மிற் பலர். அன்று நானும் அவர்களுள் ஒருவன் என்பதை ஒரு மாணவன் காட்டிவிட்டான்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘வா’, ‘வாரும்’, ‘வாருங்கோ’ என மூன்று படிகள் உள. படலையில் எழும் குரலைக் கேட்ட மாத்திரத்தே, வந்தவரின் குலத்தையும் கைப்பொருளையும் உள்ளிருப்போர் உணர்ந்துகொள்வர். வயதுக்கு அங்கே இடமில்லை. சாதி காரணமாகக் கடை, பாடசாலை, கோயில் முதலியவற்றில் ஒருவரைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கிற்று. 1971இல் அதன் தண்டனை மேலும் கடுமையாக்கப்பட்டது. தேநீர்க்கடையில் வேறு குவளை வைத்தவனை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். வினைமுற்று விகுதியை எந்தச் சட்டத்தால் திருத்துவது? சாதியைச் சொல்ல நாணுகின்றவர்கள்கூடக் கைப்பொருளை அளந்து விகுதி சேர்க்கின்றார்கள். விலை எழுதி ஒட்டிய கடையில் வாய் திறவாது பணத்தை எண்ணிக் கொடுக்கும் நாம், கீரைக்காரியிடம் மட்டும் ஒரு பிடி கூடக் கேட்டு வழக்காடுவதும் இவ்வினத்ததே.

அன்று மாலை முதியவரிடம் சென்று, “களைத்துப் போனீர்கள், தேநீர் குடியுங்கள்” என்றேன். அவர் கையிலிருந்த கிடுகு நழுவி விழுந்தது. எழுந்து நின்று, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஐயா, நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?” என்று கேட்டார். கோபத்திலும் பால் மயங்கும் என்பதை நன்னூல் படியாமலே அவர் அறிந்திருந்தார். எழுபது ஆண்டுகளாக ஒருவருக்கு மறுக்கப்பட்ட பன்மை திடீரென வழங்கப்படும்போது, அஃது ஏச்சாகவே அவர் செவியில் விழுந்தது. நான் கூறிய ஒருமையிலும் பார்க்க அவருடைய அச்சமே என்னை மிகச் சுட்டது.

பழைய சொல்லுக்குத் திரும்பிவிட்டால் இருவருக்கும் இலகுவாயிருந்திருக்கும். திரும்பவில்லை. வேலி அடைத்து முடிய மூன்று நாட்கள் சென்றன. மறுநாளும் அவர் கூசினார். தேநீரைத் தூரத்தே கொண்டுபோய்க் குடித்தார். மூன்றாம் நாள் நான் அருகே நிற்க, கையை நிறுத்தாமலே, “வாத்தியார், இந்த மூலைக்கு இன்னும் இரண்டு கட்டுக் கிடுகு வேணும். நேற்றே சொன்னனான், நீங்கள் மறந்துபோனியள்” என்றார். என் பிழையை எடுத்துச் சொல்லுமளவுக்கு அவர் அச்சம் நீங்கியிருந்தது.

அடுத்த பாடத்தில் அம்மாணவனை எழுப்பி, என் விடையைத் திருத்தினேன். அவரை ஒருமையாற் கூறியது சொல்லில் வழாநிலை, ஒழுக்கத்தில் வழு, அவ்வழுவுக்கு அமைதி கூற எந்த நூற்பாவும் இல்லை என்றேன். அவன் அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். தேர்வுக்கு அது வாராது என்று நான் சொல்லவில்லை.